கைதட்டல் இல்லாத கூட்டங்கள்

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். புரட்டாசி ஆறாம் தேதி. வானம் மூடாக்காக இருந்தது. மழை கொண்டுவருகிற மூடாக்கு அல்ல, புழுக்கத்தை மட்டும் கூட்டுகிற மூடாக்கு. மல்லசமுத்திரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊரில், பால் சங்கத்துக் கூடத்தில், நான்கு மின்விசிறிகளில் இரண்டு ஓடின. பிளாஸ்டிக் நாற்காலிகள் அறுபது. உட்கார்ந்திருந்தவர்கள் என்னையும் சேர்த்துப் பதினேழு பேர். பத்து மணிக்கு என்று அறிவிப்பில் போட்டிருந்த ஆண்டுப் பேரவைக் கூட்டம் இன்னும் தொடங்கவில்லை.

நான் இந்தச் சங்கத்தில் உறுப்பினர். மாடு இரண்டும் என் மனைவியுடையவை. பால் ஊற்றுவதும் அவள்தான். உறுப்பினர் அட்டை மட்டும் என் பேரில் இருக்கிறது. ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பதினேழு வருஷத்தில் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. இந்த முறை மனைவி விடவில்லை. "நம்ம பாலுக்குக் கொழுப்பு கொறச்சுப் போடறாங்க. போயி என்னன்னு கேளுங்க. உலகத்துக் கூட்டத்தையெல்லாம் பத்தி எழுதறீங்களே, உள்ளூர்க் கூட்டத்துக்கு ஒருக்காப் போனா என்ன?" என்றாள்.

சங்கத்தின் செயலாளர் எனக்கு ஒரு வகையில் மாப்பிள்ளை முறை. நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் நீளமான குறிப்பேட்டோடு வரிசை வரிசையாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தவர் என்னிடம் வந்து நின்றார்.

"மாமா, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. அப்பறம் சோத்துக்குப் போற அவசரத்துல எல்லாரும் மறந்துருவாங்க."

"கூட்டம் முடியட்டும் மாப்ள."

"முடிஞ்ச மாதிரித்தானுங்க."

படிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. குறிப்பேட்டை வாங்கி, கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தேன். மூன்று பக்கம். நல்ல கையெழுத்து, நீல மை. தலைவர் வரவேற்றுப் பேசினார் என்று இருந்தது. ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது, உறுப்பினர்கள் பலத்த கரவொலி எழுப்பி ஏகமனதாக ஏற்றுக்கொண்டனர் என்று இருந்தது. வரவு செலவு வாசிக்கப்பட்டது, கரவொலி. அடுத்த ஆண்டுத் திட்டம், நீண்ட கரவொலி. மொத்தம் ஐந்து இடம். எண்ணுவது என் வியாதி. வருகை புரிந்தவர்கள் எத்தனை பேர் என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு காலியாக இருந்தது.

"மாப்ள, தலைவரே இன்னும் வரலியே."

"வந்துட்டே இருக்கறாருங்க. மல்லசமுத்திரம் தாண்டிட்டாராம்."

"கை தட்டுனாங்கன்னு எழுதியிருக்கு."

"தட்டாமயா போயிருவாங்க?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். "அவிய தட்டுலீன்னா நான் தட்றனுங்க. நீங்க வெசனப்படாமப் போடுங்க."

அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு வேறு குறை. "புரட்டாசில கூட்டத்த வெச்சுக் கறிச்சோத்துல தப்பிச்சுக்கிட்டாங்க. கத்திரிக்காச் சோத்துக்குக் கைதட்டு ஒண்ணுதான் கேடு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பேனாவின் மூடியைத் திறந்தேன். அதற்குமேல் கை நகரவில்லை. செயலாளர், "மாமா, தண்ணி கொண்டாரச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டது தூரத்தில் கேட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் தொழிலைச் சொல்ல வேண்டும்.

நான் வரலாற்றுப் பேராசிரியனாக இருந்தேன். முப்பத்தாறு வருஷம். என் பாடம் சோவியத் நாடு, அதிலும் புரட்சி முடிந்த முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம், அதிலும் சிற்றூர்கள். அரசியல் தலைநகரத்தில் நடந்தபோது ஊர்ப்புறத்துச் சனங்கள் படிப்பகம், நாடகம், எழுத்தறிவு வகுப்பு, வரி, தானியக் கொள்முதல் இவற்றையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கேள்வி. இதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று என் அப்பாவிலிருந்து மாவட்ட நூலகர் வரை கேட்டிருக்கிறார்கள். உண்மையான பதில் சின்னது. சென்னையில் எம்.ஏ. படித்தபோது மாலையில் ருஷ்ய மொழி வகுப்பு இலவசமாக நடந்தது. அந்த அறையில் மின்விசிறி இருந்தது. என் விடுதி அறையில் இல்லை. மொழி வந்தது. பிறகு அதை விட்டுவிட மனசு வரவில்லை.

சொந்தக்காரர்களில் பாதிப்பேர் லாரியிலும் நிலம் துளைக்கிற ரிக் வண்டியிலும் இருந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் தூர தேசம் போவதென்றால் ஆழ்துளைக் கிணறு போடத்தான் போவார்கள். ஏழு மாதம் நான்கு நாள் அந்த நாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, என்னைப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி: "அங்க தண்ணி எத்தன அடீல இருக்குதுங்க?" தெரியாது என்றேன். "அப்பறம் ஏழு மாசம் என்ன பண்ணுனீங்க?" என்றார். அந்தக் கேள்வியை நான் இப்போதுதான் சரியாகக் கேட்கிறேன்.

என்ன பண்ணினேன் என்றால், கைதட்டல்களை எண்ணினேன்.

நான் எடுத்துக்கொண்டது ஒரு நதிக்கரை மாவட்டம். அங்கே போக எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் அதன் ஊர்க்கூட்டக் குறிப்பேடுகளைப் படச்சுருளாகத் தலைநகரில் கொடுத்தார்கள். இருட்டறையில் ஒரு கருவி முன்னால் உட்கார்ந்து, கைப்பிடியைச் சுற்றச் சுற்றப் பக்கங்கள் ஓடும். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான் கருவி கிடைக்கும். அந்தக் குறிப்பேடுகளில் யார் பேசினார், என்ன தீர்மானம் என்பதோடு அடைப்புக்குறிக்குள் கைதட்டல் என்றும் எழுதியிருப்பார்கள். கைதட்டல், நீண்ட கைதட்டல், எழுந்து நின்று கைதட்டல் என்று மூன்று தரம். சனங்களின் மனதை அளக்க இதைவிட வேறு என்ன வேண்டும்? தலைவர்கள் பேசியதைத் தலைவர்கள் எழுதிவைத்தார்கள். சனங்கள் தட்டியது இங்கே மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்தேன். முப்பத்தைந்து வயது. அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

எதற்குத் தட்டினார்கள், எந்தத் தரத்தில், எந்த மாதத்தில் என்று அட்டை போட்டேன். அங்கே எழுதியதும், பிறகு டெல்லியில் ஒரு நூலகத்துக்கு வந்த சுருள்களிலிருந்து பதினாறு கோடை விடுமுறைகளில் எழுதியதுமாக மொத்தம் ஆறாயிரத்து நூற்று எண்பத்து மூன்று அட்டைகள். அவற்றிலிருந்து ஒரே ஒரு அட்டவணை. என் ஆங்கிலப் புத்தகத்தில் அது அட்டவணை ஏழு. சனங்கள் அரசியலுக்குத் தட்டியதைவிடக் கலைக்கு அதிகம் தட்டினார்கள், வருஷம் ஆக ஆக அந்த வித்தியாசம் கூடியது என்று அது காட்டியது. அந்தப் புத்தகம் அறுநூற்று நாற்பது பிரதி விற்றது. மற்றவர்கள் எழுதியவற்றில் முப்பத்தோரு இடத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதில் இருபத்தெட்டு இடம் அட்டவணை ஏழு மட்டும். கருத்தரங்குகளில் என் முதுகுக்குப் பின்னால் எனக்குக் கைதட்டல்காரர் என்று பெயர். எனக்கு அது பிடித்திருந்தது.

ஓய்வுக்குப் பிறகு அந்தப் புத்தகத்தை நானே தமிழில் எழுதினேன். மூன்று வருஷம் நான்கு மாதம். சேலத்தில் சின்ன அச்சகமும் பதிப்பகமும் வைத்திருக்கிற என் பழைய மாணவி அதைப் போட ஒத்துக்கொண்டார். அவருக்கே ஐம்பத்தாறு வயது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஐந்நூறு பிரதி. பால் சங்கக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் கட்டு பிரித்து ஒரு பிரதியை என் கையில் கொடுத்திருந்தார். அக்டோபர் இருபதாம் தேதி சேலத்தில் வெளியீட்டு விழா. அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது.

அந்த நிலையில்தான், இன்னும் வராத தலைவருக்குத் தட்டப்பட்ட ஐந்து கைதட்டல்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தலைவர் பதினொன்றே காலுக்கு வந்தார். கூட்டம் நாற்பத்திரண்டு நிமிடம் நடந்தது. அதில் இருபத்தொன்பது நிமிடம், கொழுப்பு அளக்கிற கருவி சரியில்லை என்று ஒரு அம்மா கத்தினார். "எம்மாடு தண்ணியாக் கறக்குது, உங்க மாடு நெய்யாக் கறக்குதா?" என்று அவர் தலைவரைக் கேட்டபோது மற்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவியின் புகாரையும் அவரே கேட்டுவிட்டதால் நான் எழுந்திருக்கவில்லை. ஆண்டறிக்கையை வாசித்தபோது பாதிப்பேர் சமையல் நடக்கிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கை தட்டவில்லை. ஒருவர் ஒருமுறை தட்டினார், அது கொசு. கடைசியில் செயலாளர் தலைகளை எண்ணிப் பார்த்துக் காலிக் கோட்டில் எண்பத்தாறு என்று எழுதினார். நான் எண்ணியபோது முப்பத்தெட்டு. அவர் பையில் இருந்த பேனா கறுப்பு மை. மூன்று பக்கமும் நீலம், எண் மட்டும் கறுப்பு.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து என் அட்டைகள் இருந்த பெட்டிகளை இறக்கினேன். பதினான்கு பெட்டிகள். மனைவி வந்து பார்த்தாள். "கொழுப்பு என்னாச்சுங்க?" என்றாள். ஒரு அம்மா கேட்டார், பார்க்கிறோம் என்றார்கள் என்றேன். "பாக்கறாங்களாமா" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள்.

சங்கத்துச் செயலாளர் முன்கூட்டியே எழுதினால், உலகத்தில் எல்லா எழுத்தரும் அப்படித்தான் எழுதியிருப்பான் என்று ஆகிவிடாது. அது தர்க்கம் இல்லை என்று எனக்கும் தெரியும். நூறு வருஷம், ஐயாயிரம் கிலோமீட்டர், வேறு மொழி, வேறு பயம். ஆனால் எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. எங்கோ இதைப் பார்த்திருக்கிறேன். அட்டைகளை ஒன்று விடாமல் படிக்க ஆரம்பித்தேன். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு. கண்ணில் நீர் வடிந்தது. பதினோராவது நாள், ஒன்பதாவது பெட்டியில் அது கிடைத்தது.

படச்சுருளில் எல்லாம் கறுப்பு வெள்ளை. ஆனால் தலைநகரில் சில அசல் கட்டுகளை எனக்கு மூன்று நாள் காட்டினார்கள். அதில் கடைசி நாள் எழுதிய அட்டை. என்னுடைய இளவயதுக் கையெழுத்து, சின்னச் சின்ன எழுத்து: "வருகை எண்ணிக்கை மட்டும் வேறு மை. வாசகம் முழுதும் ஒரே மை, ஒரே ஓட்டம். ஏன்? பார்க்க வேண்டும்."

பார்க்கவில்லை. மறுநாள் அசல் கட்டுகளைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள். பிறகு வந்தது எல்லாம் சுருள். சுருளில் மை தெரியாது. தெரியாது என்பதால் நிம்மதியாக எண்ணினேன்.

அன்று மதியமே மாணவியைக் கூப்பிட்டேன்.

"சார், சாப்டீங்களா? பிரதி பாத்தீங்களா, அட்டை நல்லா வந்துருக்கா?"

"அட்டவணை ஏழு தப்பும்மா."

"எந்த எண்ணு சார்? ஒட்டுச்சீட்டு அடிச்சு வெச்சிரலாம்."

"எண்ணெல்லாம் சரி. கூட்டினதும் சரி."

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அச்சு இயந்திரத்தின் ஓசை பின்னால் கேட்டது. அவர் கதவைச் சாத்தினார் போலிருக்கிறது, ஓசை நின்றது.

"ஐந்நூறு பிரதியும் பைண்டிங் முடிஞ்சு அடுக்கி வெச்சிருக்கேன் சார். யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?"

"நான் கண்டுபிடிச்சுட்டேனே."

"கோவிச்சுக்காதீங்க சார். ஐந்நூறுல முந்நூறு நூலகத்துக்குப் போகும், எடுத்தாங்கன்னா. நூறு நீங்களும் நானும் சும்மா குடுப்போம். முழுசாப் படிக்கறவங்க ஒரு முப்பது பேரு. அதுல அட்டவணையைப் பாக்கறவங்க எத்தன பேரு?"

யோசித்தேன். "மூணு பேர் இருப்பாங்க."

"அந்த மூணு பேருக்காகவா?"

அவருக்கே பாவமாகிவிட்டது. ஒரு வழி சொன்னார். நல்ல மாணவி, அந்த நாளிலேயே என்னைவிட வேகமாக யோசிப்பார். சனங்கள் தட்டாவிட்டால் என்ன, எழுத்தர்கள் தட்டினதாக எழுதினார்கள் அல்லவா? எதற்குத் தட்டினதாக எழுதினால் நல்லது என்று அவர்கள் நினைத்தார்கள் என்பதும் வரலாறுதானே? அட்டவணையைத் தொட வேண்டாம். இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள். தனித்தாளாக அடித்து உள்ளே செருகிவிடுகிறேன். சனங்களின் மனம் என்று வருகிற இடத்தில் எழுத்தர்களின் மனம் என்று வாசகர்கள் படித்துக்கொள்ளட்டும்.

எனக்கு அது பிடித்தது. பிடித்தது என்பதைவிட, உட்கார ஒரு இடம் கிடைத்த மாதிரி இருந்தது. எழுபத்தேழு வயதில் மனிதன் அதைத்தான் தேடுவான். அன்றும் மறுநாளும் அந்த இரண்டு பக்கத்தை எழுதினேன். அதில் ஒரே ஒரு சந்தேகம். எழுத்தர்கள் எதைப் பார்த்து எழுதுகிறார்கள்? தாங்களாக யோசித்தா, மேலே இருந்து சொல்லியா? இங்கே ஒருவர் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறாரே என்று, திங்கட்கிழமை காலையில் பால் அளக்கிற நேரம் முடிந்ததும் சங்கத்துக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து நானூற்றுப் பத்துக் காலடி. முன்பு முந்நூற்று எண்பதாக இருந்தது, எட்டு சின்னதாகிவிட்டது.

"வாங்க மாமா. கொழுப்பு விசயமுங்களா? மெசினுக்கு ஆள் வரச் சொல்லியிருக்கறனுங்க."

"அதில்ல மாப்ள. இந்தக் கரவொலியெல்லாம் யாரு எழுதச் சொல்றாங்க?"

செயலாளருக்குக் கவலையாகிவிட்டது. "யாராவது புகார் குடுத்துட்டாங்களா?"

"புகார் எல்லாம் இல்ல. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"போன வருசத்து நோட்டப் பாத்து எழுதறதுங்க. எனக்கு முன்னால இருந்தவரு அதுக்கு முந்தின வருசத்தப் பாத்து எழுதுனாரு. கரவொலி இல்லீன்னா தணிக்கைக்கு வர்றவரு, ஏனப்பா கூட்டத்துல ஏதாச்சும் தகராறான்னு கேப்பாரு. எதுக்கு வம்புன்னு போட்டுர்றது."

பழைய குறிப்பேடுகளைப் பார்க்கலாமா என்று கேட்டேன். இரும்பு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒன்பது குறிப்பேடு, முப்பத்துநான்கு வருஷம். அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். அவர் இரண்டு முறை டீ வாங்கிக் கொடுத்தார். முப்பத்துமூன்று வருஷத்திலும் ஐந்து கரவொலி. இரண்டு பலத்தது, ஒன்று நீண்டது, இரண்டு சாதா. அதே இடத்தில், அதே சொல்லில். ஒரு வருஷத்தில் மட்டும் மூன்று பக்கத்துக்குப் பதில் ஒன்றரை வரி: கூட்டம் நடைபெற்றது, தீர்மானங்கள் வாசிக்கப்பட்டன. அவ்வளவுதான்.

"இது என்ன மாப்ள?"

அவர் எட்டிப் பார்த்தார். "ஓ, அந்த வருசமுங்களா. அப்ப பால் வண்டி நாலு நாளு வல்லீங்க. பால் ஒன்றியத்துல வாங்க மாட்டோம்னுட்டாங்க. இந்தா, இந்த வாசல்லதான் கேன் கேனாக் கொட்டுனாங்க. பால் நாத்தம் பத்து நாளு போகுலீங்க. அடுத்த வாரம் கூட்டம். ஒரு அம்மா வந்து காலிக் கேனத் தலைவர் மேச மேல கவுத்து வெச்சுட்டுப் போயிருச்சு. யாரும் ஒண்ணும் பேசுல."

"அதனால எழுதலியா?"

"எழுதத்தான் உக்காந்தாராம், அந்தச் செயலாளரு. கரவொலின்னு எழுதக் கை வல்லீன்னு சொன்னாரு. நான் அப்ப அவருக்குக் கணக்கு எழுதிக் குடுத்துட்டு இருந்தன். நானே பாத்தனுங்க, பேனாவத் தொறந்து வெச்சுட்டு மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தாரு."

நான் குறிப்பேட்டை மூடினேன்.

அந்த நதிக்கரை மாவட்டத்துச் சுருள்களிலும் கைதட்டல் இல்லாத கூட்டங்கள் இருந்தன. எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது. அரைப்பக்கம், நான்கு வரி, இரண்டு வரி. பக்கத்தில் பெரிய வெள்ளை இடம். கருவி ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான் என்பதால் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: கைதட்டல் இருந்தால் அட்டை, இல்லாவிட்டால் அடுத்த பக்கம். குறை ஆவணம் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தேன். கைப்பிடியை வேகமாகச் சுற்றிக் கடந்துவிடுவேன். எழுதுகிறவனுக்கே கை வராத கூட்டங்கள் அவை. ஊரில் உண்மையாக ஏதாவது நடந்திருந்தால் அங்கேதான் நடந்திருக்கும். தேதி எழுதிக்கொள்ளவில்லை, ஊர் எழுதிக்கொள்ளவில்லை. எத்தனை என்றுகூடத் தெரியாது. தையல்காரன் பித்தான் எண்ணுகிற மாதிரி எல்லாவற்றையும் எண்ணிய நான் அதை மட்டும் எண்ணவில்லை.

இதற்குப் பிறகு அந்த இரண்டு பக்கக் குறிப்பைச் செருகுவது எப்படி? எழுத்தர்களின் மனம் என்று சொல்ல வேண்டுமானாலும், அவர்கள் எழுதியதோடு எழுதாததையும் வைத்தால்தான் அது மனம். ஒரு பாதியை நான் சுற்றித் தள்ளிவிட்டேன். திரும்பப் போய்ப் பார்க்கலாம் என்று இளைஞர்கள் சொல்வார்கள். டெல்லி நூலகத்தில் அந்தச் சுருள்கள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்டு எழுதினேன். கருவி பழுது, சுருள்களின் நிலை தெரியவில்லை என்று பதில் வந்தது. தெரிந்தாலும் பதினாறு கோடை வேலை. எனக்கு வலது கண்ணில் புரை, இடது கண்ணில் அறுவைக்கு நாள் குறித்திருக்கிறது.

அந்தப் பதில் வந்த அன்று மத்தியானம் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். ஐம்பது வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவளிடம் முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, இது தப்புன்னு உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்?"

"இப்ப உனக்கும் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு என்னாகுது? அந்தப் பொண்ணு புஸ்தகத்தப் போட்டு முடிச்சிருச்சில்லீங்களா?"

"ஐந்நூறும்."

ரசச் சட்டியை மூடி வைத்தாள். பிறகு, "நிறுத்திருங்க" என்றாள். "இல்லீன்னா தெனமும் பொரண்டு பொரண்டு படுத்து என்னையத் தூங்க உட மாட்டீங்க. ரெண்டு வாரத்துக்கு மேலாப் பாக்கறனே."

மாணவியைப் பார்க்கச் சேலம் போனேன். கைப்பேசியில் சொல்கிற விஷயம் இல்லை. அச்சகத்தில், அடுக்கி வைத்திருந்த புத்தகங்களுக்கு முன்னால் ஒரு முக்காலியில் உட்காரவைத்தார். ஐம்பது ஐம்பதாகப் பத்துக் கட்டு. எல்லாவற்றையும் சொன்னேன். இந்தப் பிரதிகள் வெளியே போகக் கூடாது என்றேன்.

அவர் கோபப்பட்டார். கோபப்பட உரிமை இருக்கிறது. "சார், நீங்க எங்களுக்கு வகுப்புல சொன்னது ஞாபகம் இருக்கா? முழுசாச் சரியான புத்தகம்னு ஒண்ணும் இல்ல, அடுத்தவன் வந்து திருத்துவான்னு சொன்னீங்க. இப்ப அந்த அடுத்தவனுக்கு ஏன் வேலை வெக்க மாட்டேங்கிறீங்க?"

"அடுத்தவன் வருவான்னு யாரு சொன்னா? தமிழ்ல இதப்பத்தி இது ஒண்ணுதான். இதுல இருக்கறதத்தான் படிப்பாங்க, இதத்தான் எழுதுவாங்க. போன வருசத்து நோட்டப் பாத்து."

அவருக்குப் புரியவில்லை. செயலாளர் சொன்னதைச் சொன்னேன். சிரிக்கவில்லை. புத்தகக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்காகத் தன் வீட்டு வேலையை ஒதுக்கிவைத்து நான்கு முறை மெய்ப்புப் பார்த்தவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. கட்டுகளை மறுபடி எண்ணினேன். பத்துதான்.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். அட்டவணை ஏழு வருகிற அத்தியாயத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நான் பார்த்ததையும் பார்க்காமல் விட்டதையும் உள்ளபடி எழுதிக் கொடுத்தால் முந்நூறு பிரதி மறுபடி போடுவதாகச் சொன்னார். அந்தச் செலவு தன்னுடையது என்றார். முதல் ஐந்நூறின் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். அதில் அவர் வாதாடியும் நான் விடவில்லை. பதினொரு பக்கம் எழுதினேன். இத்தனை வருஷத்தில் நான் எழுதியவற்றில் அதுதான் சுலபமாக வந்தது. எண்கள் இல்லாததால் இருக்கலாம். ஆங்கிலத்தில் என் அட்டவணையைப் பயன்படுத்தியவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் என்று எனக்குத் தெரிந்த ஒன்பது பேருக்கும் கடிதம் போட்டேன். இரண்டு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் நன்றி சொன்னார். இன்னொருவர், தான் அந்தத் துறையை விட்டு இருபது வருஷம் ஆகிறது, இப்போது தேனீ வளர்க்கிறேன் என்று எழுதியிருந்தார்.

விழாவை நிறுத்தினோம். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் ஐயாயிரம் திரும்பக் கிடைக்காது என்றார்கள். அழைப்பிதழ் இரண்டாயிரத்து நானூறு. ஐந்நூறு பிரதி அடித்துக் கட்டியது தொண்ணூற்றிரண்டாயிரத்து ஐந்நூறு. பழைய தாள் எடுக்கிறவர் அச்சகத்துக்கே வண்டியோடு வந்தார். ஒரு பிரதி அரைக்கிலோ. இருநூற்று ஐம்பது கிலோ இருக்க வேண்டும். அவருடைய தராசு இருநூற்று நாற்பத்தாறு காட்டியது. வேறு நாளாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். கிலோ பதினான்கு ரூபாய் என்று மூவாயிரத்து நானூற்று நாற்பத்து நான்கு எண்ணிக் கொடுத்தார். அட்டையைக் கிழித்துத் தனியாகப் போட்டால் ஒரு ரூபாய் கூடக் கிடைக்கும் என்றார். வேண்டாம் என்றேன்.

சேலத்திலிருந்து பேருந்தில் திரும்பி வந்தேன். உட்கார இடம் கிடைக்கவில்லை. மல்லசமுத்திரம் வரை நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் மனைவி கேட்டாள்: "ஒட்டுக்கா எவ்வளவு ஆச்சுங்க?"

தொண்ணூற்றாறாயிரத்து நானூற்று ஐம்பத்தாறு ரூபாய்.